புதுப்பிப்பு: மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணம், மாற்றிய திட்டம்

லடாக்கில் ஆறு நாள் மலைநடை, லே நகரில் போய் இறங்கிய மறுநாளே கிளம்பலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். திட்டியவர்களுக்கு நன்றி! லேவே சுமார் 3,500 மீட்டர் உயரம். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக மூன்று நாள் அங்கேயே சும்மா உட்காரப்போகிறேன்.

சில்லிங்கில் தொடங்கி ஸ்கியு, மார்க்கா, ஹங்கர், நிமாலிங். பிறகு 5,000 மீட்டருக்கும் மேலான கோங்மாரு லா கணவாயைத் தாண்டி இறக்கம். வழியில் ஊர்வீடுகளில் தங்கலாம் என்பதால் கூடாரச் சுமை மிச்சம். வெயில் ஏற ஏற பனி உருகி ஓடையில் தண்ணீர் கூடும். ஆகவே காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காதாம். அப்பாவின் போஸ்ட்பெய்டைக் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.