கான்கிரீட் சாலை மூட்டில் சீலன்ட் உரிகிறது, உதவி தேவை

சாலைப்பணி:
கோடையில் தட்டுகளுக்கு இடையிலான மூட்டுகளை அடைக்க அடித்த சீலன்ட் (அடைப்புப் பசை), ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பக்கச்சுவரை விட்டு நாடாவைப் போலக் கையோடு வந்துவிடுகிறது. எந்தச் சீலன்ட் நீடித்து உழைக்கும் என்று விரைவாகக் கூறவும்.

பாலம்கட்டி:
என்ன வகைச் சீலன்ட், மூட்டு வெட்டின் அகலம் எவ்வளவு, சீலன்டுக்கு அடியில் பேக்கர் ராட் (நுரைக் கயிறு) வைத்தார்களா என்று எதையுமே நீங்கள் குறிப்பிடவில்லையே?

தென்றல்77:
பாலிசல்பைடு வகைச் சீலன்டாகத்தான் இருக்கும். பிரைமர் (ஒட்டுவதற்கான அடிப்பூச்சு) பூசாமல் அடித்தால் அது இப்படித்தான் உரியும். சிலிகானுக்கு மாறிவிடுங்கள், வெயிலைத் தாங்குவதில் அதற்கு ஈடில்லை.

மூத்த ஆலோசகர்:
மூட்டு அடைப்புக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டியான ஐஆர்சி 57-ஐ ஒருமுறை புரட்டியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. 4.5 மீட்டர் நீளக் கான்கிரீட் தட்டு, 30 டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறத்தாழ 1.35 மி.மீ. சுருங்கும். 10 மி.மீ. அகல வெட்டில் சீலன்ட் இழுபடுவது 13.5 விழுக்காடுதான். அகலப்படுத்தாத 3 மி.மீ. முதல் வெட்டிலேயே சீலன்டைத் திணித்திருந்தால், அதே அசைவு 45 விழுக்காடாகிவிடும்.

பாலம்கட்டி:
கணக்கு சரி, ஐயா. ஆனால் அகலம் சரியாக இருந்தும் உரிவதுண்டு. வெட்டும்போது வழியும் சிமென்ட் குழம்பு சுவரில் காய்ந்து படலமாகிவிட்டால், சீலன்ட் அந்தப் படலத்தைப் பிடிக்குமே தவிர கான்கிரீட்டைப் பிடிக்காது. ஊதிச் சுத்தம் செய்யும் கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் கலந்திருந்தாலும் இதே கதிதான். உரிந்த துண்டின் பக்கத்தில் வெள்ளைப் பொடி அப்பியிருக்கிறதா, அடிப்பாகமும் கான்கிரீட்டில் ஒட்டியிருந்ததா என்று பாருங்கள். அடியும் ஒட்டினால் சீலன்ட் தாராளமாக இழுபட முடியாது. சிலிகான் என்றால் தடிமன் அகலத்தில் பாதி இருந்தால் போதும்.

தென்றல்77:
அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1990-இல் மூட்டுகளை அடைப்பதையே கைவிட்டது. நாம் மட்டும் ஏன் வீண்செலவு செய்ய வேண்டும்?

மூத்த ஆலோசகர்:
சாலையோரக் கிராவல் அடைக்காத மூட்டுக்குள் இறங்கி, கோடையில் தட்டு விரியும்போது விளிம்பைப் பெயர்த்தெடுப்பதைத் தாங்கள் பார்த்ததில்லை போலும்.

தென்றல்77:
அரைகுறையாக உரிந்த சீலன்டும் அதே கல்லைத்தான் உள்ளே விடுகிறது. நீரும் இறங்கி, லாரி ஏறும்போதெல்லாம் தட்டுக்கடியிலிருந்து சேறு பீச்சியடிக்கிறது. ஒழுங்காக அடைக்க முடியாதென்றால் அடைத்து என்ன பயன்?

பாலம்கட்டி:
அதைத் தனி இழையில் பேசலாம். கேட்டவர் எங்கே?

சாலைப்பணி:
சிலிகான்தான். பக்கமெல்லாம் வெள்ளைப் பொடி, ராட் வைக்கவில்லை, அடியும் ஒட்டியிருந்தது. சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, ராட் வைத்து மீண்டும் அடிக்குமாறு ஒப்பந்ததாரரிடம் கூறிவிட்டேன். நன்றி.

பாலம்கட்டி:
வெட்டின் அகலத்தை இன்னும் நீங்கள் கூறவில்லையே?