மைனஸ் 40 என்று எழுதிய கேன் வாங்கியும் கண்ணாடி உறைந்தது: பனிக்கால வாஷர் ஃப்ளூயிட் அனுபவங்கள்

கிச்சனர், ஒன்டாரியோ:

கனடாவில் எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். முதல் வருடம் நான் பட்டதை இந்த வருடம் புதிதாக வந்திருப்பவர்கள் படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கார் முன்கண்ணாடியைக் கழுவ அடிக்கும் திரவம்தான் வாஷர் ஃப்ளூயிட். ஊரில் அந்த வைப்பர் டேங்கில் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுவோம். தூசி போனால் போதும். இங்கே செப்டம்பரில் ஒரு பழைய கார் வாங்கினேன். டேங்க் நிறைய ஆரஞ்சு நிறத்தில் ஃப்ளூயிட் இருந்தது. நிறைந்துதானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டேன். அது கோடைக்கானது, கண்ணாடியில் அடிபட்டு ஒட்டும் பூச்சிகளைக் கழுவ மட்டும்தான், குளிரில் தண்ணீரைப் போலவே கட்டியாகிவிடும் என்பதெல்லாம் அப்போது தெரியாது.

ஜனவரியில் ஒரு காலை, மைனஸ் 11 டிகிரி. 401 நெடுஞ்சாலையில் மில்டன் தாண்டி டொரண்டோ பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் பின்சீட்டில். பனி பெய்யவில்லை, நல்ல வெயில். ஆனால் பனி உறையாமலிருக்கச் சாலை முழுக்க உப்புப் போட்டிருந்தார்கள். முன்னால் போகும் லாரிகளின் சக்கரம் வாரியடித்த உப்புச் சேறு கண்ணாடியில் பட்டுப் பட்டு வெள்ளையாகக் காய்ந்தது. ஃப்ளூயிட் அடிக்க லீவரை இழுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. வைப்பர் மட்டும் ஓடி, இருந்த உப்பைக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. நேர் எதிரே சூரியன். சுண்ணாம்பு அடித்த சுவர் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. மனைவி பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்து "இப்போ வாங்க, இப்போ வாங்க" என்று சொல்லச் சொல்ல, தடம் தடமாக மாறி அடுத்த எக்ஸிட்டில் இறங்கினேன். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றும் கை வியர்க்கிறது.

பெட்ரோல் பங்கில் 3.78 லிட்டர் நீலக் கேன் ஒன்று வாங்கி ஊற்றினேன். மைனஸ் 40 வரை தாங்கும் என்று போட்டிருந்தது. அப்போதும் வரவில்லை. டேங்கில் மட்டுமல்ல, குழாயிலும், பீய்ச்சும் துளையான நாசிலிலும் பழைய ஃப்ளூயிட் உறைந்து கிடந்தது. மேலே எதை ஊற்றினாலும் அந்த அடைப்பைத் தாண்டி வராது. லீவரை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் பம்ப் மோட்டார் போய்விடும் என்று அங்கிருந்த ஒருவர் தடுத்தார். கேனில் மிச்சம் இருந்ததை நேராகக் கண்ணாடியில் ஊற்றி, பேப்பர் டவலால் துடைத்துத் துடைத்துத்தான் வீடு வந்தோம். அப்புறம் நண்பர் வீட்டு நிலவறைப் பார்க்கிங்கில் அரை நாள் நிறுத்தி, இளகிய பிறகு, உள்ளே இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து முழுவதும் காலி செய்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன். பழையதை வைத்துக்கொண்டு மேலே ஊற்றினால் இரண்டும் கலந்து, கேனில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து மைனஸ் 19. காரை எடுத்த உடனே ஹைவேயில் ஏறி, கண்ணாடி அழுக்காக இருக்கிறதே என்று அடித்தேன். அதே மைனஸ் 40 ஃப்ளூயிட், என் கண்ணெதிரே மெல்லிய பனித் தகடாகப் படிந்தது!

காரணம் பிறகுதான் புரிந்தது. இங்கே விற்கும் நீல ஃப்ளூயிட்டை உறையாமல் வைத்திருப்பது மெத்தனால். ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருந்து உடனே காய்ந்துவிடுமே, அதே வேலைதான் இங்கேயும். 100 கிலோமீட்டர் வேகக் காற்றில் மெத்தனால் முதலில் ஆவியாகிவிடுகிறது, ஆவியாகும்போது கண்ணாடியையும் இன்னும் குளிரவைக்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். கேனில் இருக்கும் எண் கேனுக்குள் இருக்கும் திரவத்துக்கானது. ஓடும் காரின் கண்ணாடிக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் இப்போது மைனஸ் 35 கேனைத் தொடுவதே இல்லை, 40 அல்லது 45 தான் வாங்குகிறேன். வண்டியை எடுத்ததும் டிஃப்ராஸ்டரில் சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, உள்பக்கம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை லீவரைத் தொடமாட்டேன். அக்டோபரிலேயே கோடை ஃப்ளூயிட்டை அடித்துத் தீர்த்துவிடுகிறேன். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் உண்டு.

ஸ்காபரோ:

தம்பி, நல்ல விஷயம் எழுதினீர்கள். ஒன்றைச் சேர்க்கவேண்டும். மெத்தனால் நஞ்சு. கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். பெரிய கேன் பாரம் என்று நான் ஒருமுறை சின்ன சோடாப் போத்தலில் ஊற்றி கராஜில் வைத்திருந்தேன். நீலமாக, ஜூஸ் மாதிரியே இருக்கும். பேரன் மூடியைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோன நேரம் மருமகள் கண்டு பறித்துவிட்டா. அன்றிலிருந்து வேறு போத்தலில் ஊற்றுவதே இல்லை. தற்செயலாகக் குடித்துவிட்டால் பிள்ளை நன்றாகத்தானே இருக்கு என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பல மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருந்து பிறகுதான் காட்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஹாரோ, லண்டன்:

எங்கள் பக்கம் கதை வேறு. பிரிட்டனும் உள்ளே இருந்தபோதே ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் சட்டம் கொண்டுவந்து, பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் ஃப்ளூயிட்டில் மெத்தனால் 0.6 சதவீதத்தை எட்டக்கூடாது என்று ஆக்கிவிட்டது. இங்கே நான் வாங்குவதில் எத்தனால்தான். தண்ணீர் கலந்து ஊற்றும் கெட்டிச் சரக்காகவும் கிடைக்கும், அங்கேதான் நான் தவறினேன். கோடையில் கலந்த அதே அளவிலேயே டிசம்பரிலும் கலந்தேன். மைனஸ் 4-க்கே நாசில் அடைத்துக்கொண்டது. போத்தலின் பின்பக்கம் எத்தனை டிகிரிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அட்டவணை இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுபவர்கள் கோடையிலும் அதை விட்டுவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா பாக்டீரியா வளரும். அடிக்கும்போது சாரலாக மூச்சில் போனால் நிமோனியா வரலாம்.

பிராம்டன்:

அண்ணா, எனக்கு இதுதான் முதல் குளிர்காலம். இன்ஜின் கூலன்ட் ஒரு கேன் வீட்டில் சும்மா இருக்கிறது. அதுவும் உறையாதே, அதில் கொஞ்சம் டேங்கில் ஊற்றலாமா?

கிச்சனர், ஒன்டாரியோ:

வேண்டாம் தம்பி. கூலன்ட் உறையாதுதான், ஆனால் கண்ணாடியில் எண்ணெய் தடவியதுபோல் படலமாக நிற்கும். இரவில் எதிர் வண்டி விளக்கு பட்டால் ஒன்றுமே தெரியாது. பெயின்ட்டுக்கும் ஆகாது. இன்று மாலையே நீலக் கேன் ஒன்று வாங்கிவிடுங்கள். ஊற்றும் முன் பானெட்டைத் திறந்து எந்த மூடி என்று பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடியும் தண்ணீர்ச் சாரலும் படம் போட்டிருக்கும். கூலன்ட் மூடி பக்கத்திலேயே இருக்கும், அதில் ஊற்றிவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.