வயலட் வேரில் மாவுப்பூச்சி: மண்டபம், கீழக்கரைப் பக்கம் வளர்ப்பவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். ஆப்பிரிக்கன் வயலட், குரோட்டன், மணிபிளாண்ட் எல்லாவற்றிலும் மாவுப்பூச்சி (சாறு உறிஞ்சும், வெள்ளைப் பஞ்சு போன்ற பூச்சி).

இலைக்காம்பு இடுக்கில் இருப்பதை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுப்பஞ்சால் ஒற்றி எடுக்கிறேன். முட்டைப் பையின் மெழுகைத் தாண்டி மருந்து சரியாக இறங்காது. அதனால் வாரம் ஒருமுறை, நான்கு வாரமாவது விடக்கூடாது. குரோட்டனுக்கு 1 லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, திரவ காதி சோப்பு 2 மில்லி, வெயில் தாழ்ந்த பிறகு. வயலட்டின் ரோம இலைக்கு இது வேண்டாம், கறை விழும். நம் பக்கத்து உப்புப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, எண்ணெய் பிரிந்து மிதந்து இலையைக் கருக்கும். மழைநீர் அல்லது கேன் தண்ணீர்தான். எறும்பையும் நிறுத்தியாக வேண்டும், பூச்சியைக் காப்பதே அதுதான்.

சிக்கல் வயலட்டின் வேரில். தொட்டியைக் கவிழ்த்தால் மண்கட்டியைச் சுற்றி வெள்ளைப் பொடி. மேல்கொண்டையை (இலைகளோடு உள்ள தண்டின் உச்சியை) வெட்டிப் புதிதாக வேர்விட வைப்பதே நல்ல வழி. ஆனால் இந்தப் புழுக்கத்தில் வெட்டுவாய் அழுகுகிறது.

கொண்டையை எத்தனை மணி நேரம் ஆறவிடுகிறீர்கள்? நட கோகோபிட் (தேங்காய் நார்த்தூள்), பெர்லைட் (பொரிந்த எரிமலைக்கல் துகள்) என்ன விகிதம்? கோகோபிட்டின் உப்புப் போக எத்தனை முறை அலசுகிறீர்கள்? மார்கழிவரை காத்திருக்கலாமா?