எலக்ட்ரிக் ஷவரை மாற்றப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கேபிளை

பிரிட்டனில் புதிதாக வீடு வாங்கிக் குடியேறுபவர்களில் பலர், முதல் குளிர்காலத்திலேயே குளியலறையில் உள்ள எலக்ட்ரிக் ஷவரை மாற்றிவிட நினைக்கிறார்கள். பழைய ஷவரில் தண்ணீர் நூல்போல வருகிறது, கடையில் 10.5 கிலோவாட் ஷவர் கிடைக்கிறது, வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் சுவருக்குள் ஓடும் கேபிள் அந்தச் சுமையைத் தாங்குமா என்று தெரியாமல் ஷவரை வாங்கக் கூடாது. தாங்காது என்றால், ஷவருக்குக் கொடுத்த பணத்தைவிடக் கேபிள் மாற்றக் கொடுக்கும் கூலி கூடிப்போகும்.

தண்ணீரைத் தேக்கி வைத்து மெதுவாகச் சூடாக்கும் கீசரைப் போன்றதல்ல எலக்ட்ரிக் ஷவர். குழாயில் ஓடிவரும் குளிர்ந்த நீரை ஓடும்போதே சூடாக்க வேண்டியிருப்பதால், 240 வோல்ட்டில் 7.5 கிலோவாட் ஷவர் சுமார் 31 ஆம்ப், 8.5 கிலோவாட் 35 ஆம்ப், 9.5 கிலோவாட் 40 ஆம்ப், 10.5 கிலோவாட் 44 ஆம்ப் மின்சாரத்தை இழுக்கின்றன. வீட்டின் சாதாரண பிளக் 13 ஆம்புக்கு மேல் தாங்காது என்பதால், ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஷவருக்கென்றே தனி சர்க்யூட் வர வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் கிலோவாட் பெரும்பாலும் 240 வோல்ட்டுக்கு உரியது. 230 வோல்ட்டில் அதே 10.5 கிலோவாட் ஷவர் ஏறத்தாழ 9.6 கிலோவாட்தான் தரும்.

இத்தனை மின்சாரத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. தண்ணீரின் வெப்பத்தை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்த வேண்டுமானால், 8.5 கிலோவாட் ஷவர் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டரும், 10.5 கிலோவாட் ஷவர் சுமார் 5 லிட்டரும் தர முடியும். இந்த ஒரு லிட்டருக்காகத் தரைப்பலகைகளைப் பெயர்த்துப் புதுக் கேபிள் போட வேண்டுமா என்பதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். லண்டன், தென்கிழக்கு இங்கிலாந்து போன்ற கடின நீர்ப் பகுதிகளில் இருப்பவர்கள் முதலில் ஷவர் தலையின் துளைகளில் படிந்த சுண்ணாம்பை நீக்கிப் பார்க்கலாம். சில வீடுகளில் புது ஷவரே தேவைப்படாமல் போய்விடும்.

கேபிளைப் பொறுத்தவரை, பழைய வீடுகளில் பெரும்பாலும் 6 சதுர மில்லிமீட்டர் அல்லது 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் இருக்கும். கேபிளின் தடிமனை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைவதுதான் பலரும் செய்யும் தவறு. அது எந்த வழியாகப் போகிறது என்பதே அது தாங்கும் அளவைத் தீர்மானிக்கிறது. சுவரில் கிளிப் அடித்தோ பூச்சுக்குள் பதித்தோ ஓடும் 6 சதுர மில்லிமீட்டர் கேபிள், பிஎஸ் 7671 எனப்படும் பிரிட்டனின் மின்வயரிங் விதிகளின் அட்டவணைப்படி 47 ஆம்ப் தாங்கும். அதே கேபிள் மேற்கூரைப் பரணில் 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனமுள்ள வெப்பக்காப்புப் பஞ்சுக்கு அடியில் போனால், வெப்பம் வெளியேற வழியின்றி 27 ஆம்ப் மட்டுமே தாங்கும், 7.5 கிலோவாட் ஷவருக்குக்கூட அது போதாது. 10 சதுர மில்லிமீட்டர் கேபிளே அந்த நிலையில் 64 ஆம்பிலிருந்து 36 ஆம்புக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே, கேபிள் போட்ட காலத்தில் பரணில் பஞ்சு இல்லாமல் இருந்து, பிற்பாடு வீட்டைச் சூடாக்கும் செலவைக் குறைப்பதற்காக யாரோ அதன்மேல் பஞ்சு விரித்திருந்தால், பல ஆண்டுகளாகத் தொல்லையின்றி ஓடிய சர்க்யூட் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் பிரேக்கர் (எம்சிபி), ஷவர் இழுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவாகவும் இருக்கக் கூடாது, கேபிள் தாங்கும் அளவைவிட அதிகமாகவும் இருக்கக் கூடாது. புது ஷவர் மாட்டியதும் 40 ஆம்ப் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்பதற்காக, கேபிளைத் தொடாமல் 50 ஆம்ப் பிரேக்கரை மட்டும் போட்டுத் தருவதாகச் சொல்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள். குளியலறை சர்க்யூட்டுக்கு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிடி பாதுகாப்பும் வேண்டும். பழைய ஃபியூஸ் பாக்ஸ்களில் அது இல்லாமல் இருக்கலாம்.

குளியலறைக் கூரையிலிருந்து கயிறு தொங்கும் சுவிட்ச் பெரும்பாலும் ஷவருக்கு உரியது. ஷவரை மாற்றும்போது அதைப் பார்க்காமல் விட்டுவிடுவது சகஜம். குளித்து முடித்ததும் அதன் மூடி தொட்டால் சுடுகிறதா, வெள்ளைப் பிளாஸ்டிக் ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டாலும், உள்ளே திருகு தளர்ந்து கேபிள் முனை கருகத் தொடங்கியிருக்கலாம் என்பதால், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை ஷவரைப் பயன்படுத்த வேண்டாம். ஷவர் ஓடிக்கொண்டிருக்கும்போது கயிற்றை இழுத்து நிறுத்தாமல், ஷவரின் பொத்தானை முதலில் அணைப்பது சுவிட்சின் ஆயுளைக் கூட்டும்.

நிறங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2004-க்கு முந்தைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். அதன்பின் வந்ததில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். இரண்டும் கலந்திருக்கும் வீடுகளும் உண்டு என்பதால், நிறத்தை நம்பி யாரும் கை வைக்கக் கூடாது. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், வீடு முழுவதற்கும் பொதுவான மெயின் ஃபியூஸ் 60 ஆம்பா, 80 ஆம்பா, 100 ஆம்பா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரக் காருக்குச் சார்ஜரும் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். அந்த ஃபியூஸ் மின்விநியோக நிறுவனத்துக்குச் சொந்தமானது, அதை நாம் திறக்கக் கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளின் மின்வயரிங்கைக் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சோதித்து, அந்த அறிக்கையைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டியது உரிமையாளரின் கடமை. சொந்த வீடாக இருந்தால், அதே அளவுள்ள ஷவரை அதே இடத்தில் மாற்றுவதற்குக் கவுன்சிலுக்கு அறிவிக்கத் தேவையில்லை. ஃபியூஸ் பாக்ஸிலிருந்து புது சர்க்யூட் இழுத்தால், வீட்டு மின்வேலைகளுக்கான கட்டட விதியான பார்ட் பி-யின் (Part P) கீழ் அறிவித்தாக வேண்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு. என்ஐசிஈஐசி அல்லது நாப்பிட் அமைப்பில் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்தால், அறிவிப்பை அவரே அனுப்பிவிடுவார். பிறகு தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் அதைக் கேட்பார்.