3பிசி கரு: மனதை எப்படித் தேற்றிக்கொள்வது?

தோழிகளே, எனக்கு 36 வயது. ஐவிஎஃப் (சோதனைக் குழாய் குழந்தை) சிகிச்சையில் எடுத்த 9 முட்டைகளில் 6 கருவாயின. ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்தவை இரண்டுதான். 4பிபி என்று தரம் (கிரேடு) போட்ட கருவைப் போன மாதம் வைத்தார்கள், தங்கவில்லை. மிச்சம் உறைய வைத்திருக்கும் 3பிசி ஒன்றுதான்.

முதல் எழுத்து குழந்தையாகும் செல்களுக்காம், இரண்டாவது நஞ்சுக்கொடியாகும் செல்களுக்காம். ஏ, பி, சி என்ற தரத்தில் கடைசியான அந்த ‘சி’யைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. இந்த கிரேடிலும் குழந்தை பிறந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். அப்புறம் ராத்திரி முழுக்க செல்போனில் அந்தக் கருவின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் போனை வாங்கி வைத்துவிடுகிறார்.

அடுத்த வாரம் கரு வைக்கிறார்கள். இதே கிரேடு வந்தவர்கள் இருக்கிறீர்களா? ரிசல்ட் வரும்வரை அந்த நாட்களை எப்படிக் கடந்தீர்கள்? கரு தங்காதவர்களும் சொல்லுங்கள் அக்கா, கேட்க வேண்டும்போல் இருக்கிறது.