மெண்டோசாவிலிருந்து சாந்தியாகோவுக்கு: பக்கத்து சீட் அம்மா

அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் ஏறி, ஆண்டீஸ் மலையைத் தாண்டி சிலியின் சாந்தியாகோவில் இறங்கும் பகல் பஸ் அது. கூட யாரும் இல்லை. ஸ்பானிய மொழியும் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. ஏழெட்டு மணி நேரம் என்றார்கள். எல்லையில் கூட்டம் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எனக்குப் பத்தைத் தாண்டிவிட்டது.

அங்கே சீட்டில் செமி காமா, காமா என்று வகை உண்டு. காமா என்றால் படுக்கை, நன்றாகச் சாயும். பகல் பயணத்துக்கு செமி காமாவே தாராளம். ஆனால் வலப்பக்க ஜன்னலாகக் கேட்டு வாங்குங்கள். வழியில் வரும் உஸ்பலாட்டா ஊருக்கு அப்புறம் பச்சையே கண்ணில் படாது, மொட்டை மலைதான், துருப்பிடித்த இரும்பின் நிறத்தில். வானம் தெளிவாக இருந்தால், 6,961 மீட்டர் உயர அக்கோன்காகுவா சிகரம் அந்தப் பக்கம்தான் கொஞ்ச நேரம் தலைகாட்டும்.

பக்கத்து சீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, ஊதா நிறச் சால்வையோடு. எல்லை நெருங்கும்போது கண்டக்டர் படிவங்களைக் கொடுத்தார். (நான் போனபோது காகிதம், இப்போது ஆன்லைனிலும் நிரப்பலாம்.) பழம், விதை, இறைச்சி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டேன். அந்தம்மா என் கைப்பையைத் தொட்டுக் காட்டி, எதையோ கடிப்பதுபோல் செய்தார். அப்புறம்தான் உறைத்தது. காலையில் வாங்கிய இரண்டு ஆப்பிளில் ஒன்று அடியில் கிடந்தது! அவரே கண்டக்டரிடம் வேறு படிவம் கேட்டு வாங்கி, 'சீ' என்ற கட்டத்தில் பேனா முனையை வைத்து என்னைப் பார்த்தார். 'சீ' என்றால் ஆமாம்.

சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் மூன்று கிலோமீட்டர் சுரங்கப்பாதை. எல்லைக்கோடு அதற்குள்ளேயே போய்விடுகிறது. வெளியே வந்ததும் லோஸ் லிபெர்தாதோரெஸ் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, பெட்டிகளையும் இறக்கி வரிசையில் நிற்க வேண்டும். குளிர் எலும்பைத் துளைத்தது, உயரத்தால் தலை விண்விண்ணென்று வலித்தது. என் ஆப்பிளை அதிகாரி எடுத்துத் தொட்டியில் போட்டார், அவ்வளவுதான், போகச் சொல்லிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற பையனின் பை அருகே மோப்ப நாய் போய் உட்கார்ந்துவிட்டது. அவன் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அபராதம், எழுத்து வேலை என்று அவனுக்காக மொத்த பஸ்ஸும் காத்திருந்தது. சிலியில் இந்த விஷயத்தில் தயவு பார்ப்பதில்லை. சந்தேகம் என்றால் 'ஆமாம்' என்றே போடுங்கள், போவது பழம் மட்டும்தான்.

வெளியே வந்தால் ஒரே மாதிரி நாலு பஸ். நம்பரை நான் குறித்துவைக்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஊதாச் சால்வையைத் தேடிப் பிடித்து அதன் பின்னாலேயே போய் ஏறினேன். அன்றிலிருந்து எந்த நாட்டிலும் இறங்குவதற்கு முன் நம்பர் பலகையை போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பின் இறக்கம். 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். லாரிகள் எறும்பு வரிசையாக ஏறி வருகின்றன. குளிர்காலத்தில் பனி விழுந்தால் இந்தப் பாதையை நாள்கணக்கில் மூடிவிடுவார்கள். அதனால் அதே நாளில் சாந்தியாகோவிலிருந்து விமானம் போட்டுவிடாதீர்கள்.

சாந்தியாகோவில் இறங்கும்போது இருட்டிவிட்டது. லக்கேஜ் சீட்டைக் கொடுத்து என் பெட்டி கைக்கு வரும்வரை அந்தம்மா நகரவில்லை. அழைத்துப்போக வந்த மகனிடம் ஏதோ சொன்னார். அவர் என் விடுதி முகவரியை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த மெட்ரோ வாசல்வரை பெட்டியை இழுத்து வந்து, எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று என் போன் மேப்பில் விரல் வைத்துக் காட்டினார். 'கிராசியாஸ்' என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தம்மா கன்னத்தோடு கன்னம் வைத்து விடை கொடுத்தார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லையே என்று படியில் இறங்கும்போதுதான் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன், சால்வை கூட்டத்தில் கலந்துவிட்டிருந்தது.