பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கினவர்கள், பட்டதைச் சொல்லுங்கள்

தேயிலைத்தூசி (வால்பாறை)

என்னுடையது இசுசு வி-கிராஸ் பிக்கப். முன்னாடி மட்டும் 2 இன்ச் தூக்கி, பெரிய டயர் மாட்டி ஒரு வருஷம் ஓட்டினேன். அப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், உர மூட்டை பத்து ஏற்றினால் வண்டி பின்னங்காலை மடக்கி உட்கார்ந்த நாய் மாதிரி ஆகிவிடும், ராத்திரி எதிரே வருகிறவன் எல்லாம் லைட்டை அடித்துத் திட்டுவான். சரி, பின்பக்கத்தையும் தூக்கிவிடலாம் என்று ஒரு பட்டறையில் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் 2 இன்ச் கட்டை வைத்தோம். அரை நாள் வேலை. பார்க்க அம்சமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பதினோராவது நாள் ஆழியாரிலிருந்து மலை ஏறுகிறோம். 40 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருக்கும், ஃபர்ஸ்ட் கியரில் எடுக்கும்போதெல்லாம் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். இரண்டு வளைவுக்குப் பாட்டைக் கூட்டி வைத்துச் சமாளித்தேன். மூன்றாவதில் மனசு கேட்கவில்லை, ஓரங்கட்டிக் கீழே படுத்துப் பார்த்தேன். ஆக்ஸிலையும் கட்டையையும் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கிற யு-போல்ட், அதன் நட்டைச் சும்மா விரலால் தொட்டேன். சுற்றியது. ஸ்பானர் இல்லை, ஒன்றுமில்லை, வெறும் விரல். எட்டு நட்டில் மூன்று அப்படி. மேலே பின்சீட்டில் அம்மாவும் பெண்ணும் முறுக்கு கடிக்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம்தான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மணல்மேடு (அல் ஐன்)

உங்களுக்குச் சத்தமாவது வந்தது. எனக்கு அதுவும் இல்லை. சைட் வண்டி, ஹைலக்ஸ், எனக்கு முன்னால் ஓட்டினவர் கட்டை மேல் கட்டை வைத்துத் தூக்கியிருக்கிறார், எனக்குத் தெரியாது. ஒரு வாரமாக ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன், இரண்டு தடவை முன் சக்கரத்துக்கு அலைன்மென்ட் பார்த்து அனுப்பினார்கள். ஒருநாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டு வண்டியைப் பக்கவாட்டில் பார்க்கிறேன், இடது பின்சக்கரம் மட்கார்டுக்கு நடுவில் இல்லை. முன்னால் ஒரு சாண் இடைவெளி, பின்னால் ஒரு விரல்கூட இல்லை. ஆக்ஸிலைப் பட்டையின் நடுவில் நகராமல் நிறுத்துகிற சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. அதே வண்டியில்தான் முந்தின நாள் துபாய் ரோட்டில் 120-ல் போய் வந்தேன். டீயைக் கீழே ஊற்றிவிட்டேன்.

பழைய ஸ்பானர் (நாமக்கல்)

தம்பி தேயிலைத்தூசி, கட்டை மேல் பழி போடாதீர்கள், மாட்டினவன் மேல் போடுங்கள். புது யு-போல்ட் என்றாலும் 100 கிலோமீட்டரில் ஒருதரம், 500-ல் ஒருதரம் டார்க் ரென்ச் வைத்து இறுக்கியே ஆக வேண்டும். கட்டைக்குப் பெயின்ட் அடித்திருந்தார்களா? பெயின்ட் நசுங்கினாலே பிடி விட்டுப்போகும். அல் ஐன் தம்பி சொன்னது வேறு கதை, கட்டை மேல் கட்டை வைப்பது வேலையே இல்லை.

என் அனுபவம் சின்னது. ஒரு பையன் பொலேரோ பிக்கப்புக்கு நீள ஷேக்கிள், அதாவது பட்டையின் பின்முனையை சேஸிஸோடு சேர்க்கிற இணைப்பு, மாட்டிக்கொண்டு வந்தான், 2 இன்ச் ஷேக்கிள் போட்டும் 1 இன்ச்தான் ஏறியிருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை. ஷேக்கிளை எவ்வளவு நீட்டினாலும் வண்டி அதில் பாதிதான் ஏறும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனைதான் அசைகிறது. அது மட்டுமா, ஆக்ஸிலின் மூக்கு, ஷாஃப்ட் வந்து சேருகிற இடம், மேலே பார்க்க ஆரம்பிக்கும், அப்புறம் வண்டியை எடுக்கும்போது ஷாஃப்ட் நடுங்கும். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங்கைக் கொஞ்சம் கீழே இறக்கணும், அல்லது ஆப்பு மாதிரி சரிவாக வெட்டின தகடு வைக்கணும். ஷாக்கும் நீளம் மாற்றணும், இல்லாவிட்டால் குழியில் சக்கரம் தொங்கும்போது ஷாக்தான் மொத்தத்தையும் இழுத்துப் பிடிக்கும், ஒருநாள் பிய்ந்துபோகும். பிரேக் ஹோஸ் எட்டுகிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் ஒரு பட்டை கூடப் போடுவதுதான் முறை.

முட்டைவண்டி

அண்ணே, நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இப்படிச் சொல்லலாமா. பட்டை இரண்டு கூடப் போட்டவன் நான். வண்டி ஏறியது, ஆனால் பாரம் குறைவாக இருந்தால் வெள்ளாட்டுக்குட்டி மாதிரி குதிக்கிறது. முதல் லோடு பாதிதான், வேகத்தடை ஒன்றைக் கவனிக்கவில்லை, கடையில் போய் டெயில்போர்டைத் திறக்கிறேன், மஞ்சளாக ஒரு கோடு என் செருப்பு மேல் ஒழுகுகிறது. 30 முட்டை டிரே, கீழ் வரிசை முழுக்கக் காலி. மறுநாளே ஒரு பட்டையைக் கழற்றிவிட்டேன்.

மலைக்கோஸ் (கேமரன்மலை)

எல்லோரும் பட்டை, கட்டை என்று அடித்துக்கொள்கிறீர்கள், பிரேக்கைப் பற்றி ஹோஸைத் தவிர ஒருவரும் பேசவில்லை. பழைய ஹைலக்ஸ், முட்டைக்கோஸ் ஏற்றுகிற வண்டி, பின்னால் 2 இன்ச் தூக்கினேன். ஆக்ஸிலிலிருந்து மேலே ஒரு கம்பி போகும், பாரத்தில் வண்டி தணிந்தால் அது வால்வைத் தள்ளி, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியைத் தூக்கிவிட்டால் வால்வுக்கு என்ன தெரியும், வண்டி காலி என்று நினைத்துக்கொள்ளும். முழு லோடோடு ரிங்லெட் தாண்டி தாப்பாவுக்கு இறங்குகிறேன், கருகின நாற்றம். முன்னால் போகிற லோரிக்காரனை நன்றாகத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் பெடல் மெத்தென்று போகவும் ஓரங்கட்டி இறங்கினால், தூறல் என் முன் சக்கரத்தில் விழுந்து ‘சுர்ர்’ என்று ஆவியாகிறது. பின் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புகூட இல்லை.

வால்வு பிராக்கெட்டையும் அதே 2 இன்ச் நகர்த்திச் சரிக்கட்டினோம். அரை மணி நேர வேலை, யாரும் சொல்லாததுதான் கோபம்.

அளவுநாடா

என்னுடையது இரண்டே வரி. வேறு ஒருவன் என் வண்டியை இடித்தான், இன்ஷூரன்ஸுக்குப் பார்க்க வந்தவர் அடிபட்ட கதவை விட்டுவிட்டுப் பின் மட்கார்டின் உயரத்தை நாடா வைத்து அளந்தார். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, அதைப் பற்றிய 2019 ஜனவரி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, இரண்டையும் அன்றைக்குத்தான் முதல் தடவை கேள்விப்பட்டேன். மேலே இத்தனை அறிவுரை எழுதினவர்கள் இதை ஏன் எழுதவில்லை?

தேயிலைத்தூசி (வால்பாறை)

ஸ்பானர் அண்ணே, போல்ட் புதுசுதான். அன்றைக்கு இருந்த வீல் ஸ்பானர் அளவு சேரவில்லை, கீழே போகிற எஸ்டேட் ஜீப்காரர் ஒருவரிடம் வாங்கி இறுக்கிக்கொண்டு போனேன். மலைக்கோஸ் சொன்ன கம்பி என் வண்டியில் கண்ணில் படவில்லை, ஞாயிற்றுக்கிழமை மறுபடி படுத்துப் பார்க்கிறேன்.

பெயின்ட் கேட்டீர்களே. கறுப்பு, இரண்டு கோட்டிங். பட்டறைக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அழகாக இருக்கும் என்று 200 ரூபாய் தனியாகக் கொடுத்து அடிக்கச் சொன்னது நான்.